ஆறாவது இதழ்

உங்கள் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கும் காலண்டர் இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மூன்று நாளாக இந்த அறைக்கு வந்து போகிறேன். மூன்று நாளும் அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதில் இருப்பது நான் வரைந்த பூ என்பதற்காகச் சொல்லவில்லை. எந்தப் படம் சாய்ந்திருந்தாலும் எனக்குக் கழுத்து வலிக்கும்.

நான் கேட்டு வந்தது சின்ன அனுமதி. தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக் கதவில் நீங்கள் வைத்திருக்கும் போலீஸ் சீலை, நாளை முதல் பத்து நாளுக்கு, விடியற்காலையில் ஒரு மணி நேரம் மட்டும் எனக்காகத் திறந்துவிட வேண்டும். துணைக்கு ஒரு காவலரை அனுப்பினாலும் சரி, அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றால் போதும். முதல் நாள் கேட்டபோது சிரித்தீர்கள். இரண்டாம் நாள், "என்னம்மா, உங்க அண்ணி போய் நாலு நாள் ஆகல, அங்க பூப்பறிக்கப் போறீங்களா?" என்றீர்கள். இன்றைக்கு, "சரி, காரணத்தைச் சொல்லுங்க, பாக்கலாம்" என்கிறீர்கள். பாதிக் காரணம் சொன்னால் பாதி அனுமதிதான் கிடைக்கும். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

தாவரத் தோட்டத்தின் ஆய்வுக்கூடத்தில், மாடி ஜன்னல் ஓரம் என் மேசை. செடிகளை வரைவது வேலை. கேமரா இருக்கும்போது எதற்குப் பூவை உட்கார்ந்து வரைகிறீர்கள் என்று கேட்காதவர்கள் கிடையாது, நீங்களும் கேட்டீர்கள். புகைப்படத்தில் இருப்பது ஒரு பூ, ஒரு நாள், ஒரு நிமிடம். அன்றைக்குப் புழு கடித்திருந்தால் கடித்ததுதான். நான் வரையும் கிளையில் மொட்டும் மலரும் காயும் வெடித்த விதையும் ஒரே சமயத்தில் இருக்கும். அப்படி ஒரு கிளை உலகத்தில் எங்கேயும் கிடையாது. மண் இல்லை, வானம் இல்லை, நிழல்கூட இல்லை. சுற்றிலும் வெள்ளைத் தாள், நடுவில் அது. பார்க்கிறவருக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையே கிடையாது. எத்தனையோ நூறு வருடங்களுக்கு முன் யாரோ வரைந்த பூவை இன்றைக்கும் டீத்தட்டில் அச்சடிக்கிறார்கள். வரைந்தவர் பேர் மறந்துபோயிற்று, செடிகூட அழிந்திருக்கலாம், பூ மட்டும் வாடவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கால் கூசும். சின்ன வயதில் ஊஞ்சல் மேலே போய் ஒரு நொடி நிற்குமே, அந்த மாதிரி.

அண்ணி தாவர ஆராய்ச்சியாளர். அவர் கண்டுபிடிப்பார், நான் வரைவேன். அண்ணன் அவரைக் கல்யாணம் செய்து கூட்டிவந்த அன்றே, எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு, அதில் பதினாலாவது அரை அங்குலம் உயரம் என்று சொன்னவர். மகரந்தத் தாளாக இருந்தாலும், இலையின் ரோமமாக இருந்தாலும், சட்டைப் பொத்தானாக இருந்தாலும் உதடு அசைய எண்ணிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். "இவங்க அண்ணி இல்ல, எண்ணி" என்றேன். அண்ணன் சாப்பிட்டது புரையேறும் அளவுக்குச் சிரித்தான். ஒரே வாரத்தில் ஆய்வுக்கூடம் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. தன் குறிப்பு நோட்டுகளின் அட்டையில் "எண்ணி" என்றே எழுதுவார். என்னை "பாப்பா" என்பார். எனக்கு முப்பத்து நான்கு வயது.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மலைப் பள்ளத்தாக்கிலிருந்து அவர் ஒரு புதர்ச்செடியைக் கொண்டுவந்தார். உலகத்தில் அந்த ஒரு பள்ளத்தாக்கைத் தவிர எங்கும் இல்லாத செடி. அங்கே கூடாரத்தில் தங்கி, விடிந்தும் விடியாமலும் பறித்த பூவைப் பார்த்து விவரக்குறிப்பை எழுதி முடித்துவிட்டார். அண்ணனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து இருவரும் உடனே கிளம்ப வேண்டியிருந்தது. என் மேசையில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனார். "பாப்பா, தோட்டத்துச் செடி பூத்ததும் வரைஞ்சு அனுப்பிடு. இதழ் ஆறு. நான் எண்ணிட்டேன், நீ எண்ண வேண்டாம்."

நான் எண்ணவில்லை. எண்ணுகிற கண் வேறு, வரைகிற கண் வேறு. முதல் பூ மலர்ந்த அன்று நான் கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டேன். கண்ணாடி வீட்டுக்குப் போனபோது மணி எட்டரை. பூவைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெளிர் மஞ்சள் இதழ்கள், அடியில் ஒரு செம்பொட்டு, ஒரு பக்கம் மட்டும் இரண்டு இதழுக்கு நடுவே ஒரு இடைவெளி. முன்பல் விழுந்த குழந்தை வாயைக் கையால் மறைக்காமல் சிரிக்கிற மாதிரி. நாலு நாள் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. தூரிகை என் கையில் இருந்ததா, நான் தூரிகையின் கையில் இருந்தேனா என்று தெரியாது. அப்படி ஒரு படம் ஒருவருக்கு வாழ்க்கையில் ஒரு முறைதான் வாய்க்கும்.

ஐந்தாம் நாள் செருப்பைக் கழுவும்போது அடியில் ஒரு மஞ்சள் இதழ் ஒட்டியிருந்தது. நசுங்கிக் காய்ந்திருந்தது, ஆனால் அதே செம்பொட்டு. ஓடிப்போய்ச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். இதழ் ஆறு. விழுந்துபோன இதழை விட்டுவிட்டு வரைந்திருக்கிறேன். எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. நீர்வண்ணத்தை அழிக்க முடியாது. மெல்லிய தாளை மேலே வைத்து ஆறாவது இதழைப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான், பூவின் சிரிப்பு போய்விட்டது. வண்டிச் சக்கரம் மாதிரி ஆகிவிட்டது. எடுத்துவிட்டேன், மறுபடி சிரித்தது. மறுபடி வைத்தேன், சக்கரம். அன்று மாலை படத்தை அப்படியே ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்.

அச்சில் வந்தது, அண்ணியின் எழுத்தில் ஆறு, என் படத்தில் ஐந்து. ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஏனென்றால் எழுத்தை யாரும் படிக்கவில்லை. படத்தைப் பார்க்காதவர் இல்லை. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். "ஓட்டைப்பல் பூ" என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். காலண்டர், குடை, திரைச்சீலை, தலையணை உறை. பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் தோளில் பச்சை குத்தியிருந்தது, நான் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன். பல் டாக்டர் ஒருவர் தன் காத்திருப்பு அறையில் பெரிதாக மாட்டியிருந்தார். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்ததை நான் கண்ணால் பார்த்தேன். வலியில் இருக்கிறவரைச் சிரிக்க வைக்க எத்தனை பேரால் முடியும், சொல்லுங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. படியிறங்கும்போது இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்குவேன்.

அடுத்த வருடம் பூக்காலம் வந்தது. அச்சடித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிஜப் பூவைப் பார்க்க ஊர் திரண்டு வரப்போகிறது என்று தோட்டத்து மேலாளர் சொன்னார். பத்து மணிக்குக் கதவு திறப்பார்கள். நான் ஐந்தரைக்கே போனேன். நாற்பத்தொரு பூ அப்போதுதான் மலர்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஆறு இதழ். அத்தனையும் சக்கரம். பையிலிருந்து இடுக்கியை எடுத்தேன். படத்தில் இடைவெளி இருக்கும் அதே இடத்தில், வெளிப்புற இதழை மட்டும், ஒவ்வொன்றாக எடுத்தேன். சில இதழ்கள் தொட்டதுமே கையோடு வந்துவிட்டன, எனக்காகக் காத்திருந்தவை போல. ஆறு மணிக்குள் நாற்பத்தொரு பூவும் சிரித்துக்கொண்டிருந்தன. என் மடியில் நாற்பத்தொரு இதழ். தண்ணீர் ஊற்ற வந்த குழாய்க்காரர், "என்னம்மா, செடியோட பேச்சுவார்த்தையா?" என்றார். "தலை சீவி விடறேன்" என்றேன். அவருக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு.

அப்படியே ஐந்து வருடம். பூக்காலத்தில் ஒரு நாள் தவறியதில்லை, ஒரு பூவையும் விட்டதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறேன். ஆவண அறையில் அண்ணி உலர்த்தி ஒட்டி வைத்திருந்த முதல் பூவிலும் ஆறாவதை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். அதன்பின் உலகத்தில் ஆறு என்று சொல்ல ஒரு வரி எழுத்தும், ஒரு பள்ளத்தாக்கும் மட்டும்தான் மிச்சம்.

பள்ளத்தாக்கு எனக்கு ஞாபகமே இல்லாமல் இருந்தது. போன வருடம் ஒரு கல்லூரியிலிருந்து ஐம்பது பேர் அங்கே முகாம் போடப்போவதாகப் பேப்பரில் படித்தேன். பூக்காலத்துக்கு இருபது நாள் இருந்தது. இரண்டு நாள் லீவு போட்டேன். சாப்பாட்டுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், களைக்கொத்தி. முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகள் இருந்தன. செடிக்கு முப்பது பூ என்று வைத்துக்கொண்டால்கூட ஒற்றை இடுக்கியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும். வேரோடு எடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவந்தது. மண் ஈரமாக இருந்ததால் சிரமம் இல்லை. உள்ளங்கையில் ஒரு கொப்பளம், அவ்வளவுதான். கடைசியில் திரும்பிப் பார்த்தபோது அந்தச் சரிவு வெள்ளைத் தாள் மாதிரிச் சுத்தமாக இருந்தது. இறங்கும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

செய்தி போனதும் அண்ணி வெளிநாட்டிலிருந்து போன் செய்து அழுதார். "ஒண்ணுகூடவா இல்ல பாப்பா? ஆடு மேஞ்சிருக்குமோ?" என்றார். "ஆடாத்தான் இருக்கும் அண்ணி" என்றேன். அவர் அழுவதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. எனக்கு அண்ணியை ரொம்பப் பிடிக்கும். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அழுகைதான் அவரைத் திரும்பக் கூட்டிவந்தது. உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே செடி எங்கள் கண்ணாடி வீட்டில் இருக்கிறது, அதைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணனையும் இழுத்துக்கொண்டு இரண்டு மாதம் முன்னால் வந்து சேர்ந்தார். வந்த வாரமே ஆவண அறையில் தன் பழைய பூவை எடுத்துப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் விஷயம் வெளியே வந்தது.

"பாப்பா, உன் படத்தை இப்பத்தான் எண்ணிப் பாத்தேன், அஞ்சு. நான் எழுதினது ஆறு. நான் ஒட்டின பூவை எடுத்துப் பாத்தா அதுலயும் அஞ்சு. எனக்கே தலை சுத்துது."

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, அஞ்சரைன்னு வெச்சுக்கலாம்" என்றான் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் தப்பு பண்ணியிருக்கோம் பாப்பா. இந்தத் தடவ மொட்டு விரியறதுலேருந்து உக்காந்து பாக்கப்போறேன். பாத்துட்டு ஒரு சின்னத் திருத்தம் போட்டுட்டா முடிஞ்சுது."

"தாராளமா அண்ணி" என்று சிரித்தேன். மூவரில் நான்தான் அதிகம் சிரித்தேன். சின்னத் திருத்தம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில், "ஓவியர் ஓர் இதழை விட்டுவிட்டார்" என்று ஒரு வரி. பல் டாக்டரின் அறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதைப் படிப்பார்கள். சிரித்ததற்கு வெட்கப்படுவார்கள். அந்தத் தோளில் குத்திய பச்சையை அந்தப் பெண் என்ன செய்வாள்.

இனி வில்லை விஷயம். கண்ணாடி வீட்டு வாசலில் வரிசையாக ஆறு ஆணி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போகிறவர் தன் அடையாளமான வட்ட மர வில்லையைத் தன் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவதால் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே யாரும் தெரியாது. பூக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் பூச்சிக்குப் புகைமருந்து போடுவார்கள், ஆள் மூச்சிழுத்தாலும் பிழைக்க முடியாத மருந்து. ஆணி எல்லாம் காலியாக இருந்தால் குழாய்க்காரர் வெளித்தாழ்ப்பாள் போட்டு, புகை அடிக்கும் மோட்டாரைத் தட்டுவார். ஒரு வில்லை தொங்கினாலும் தொடமாட்டார். அந்த ஆறு வில்லைகளிலும் ஆளுக்கொரு பூ வரைந்து கொடுத்தது நான்தான். அண்ணிக்கு ஓட்டைப்பல் பூ போட்டிருந்தேன்.

மருந்து நாள் அன்று அதிகாலை ஆறு மணிக்கு நான் அங்கே போனேன். முந்திக்கொண்டு ஏதாவது மொட்டு விரிந்திருந்தால் கவனித்துவிட்டு வரலாம் என்றுதான். ஒரு பூ விரிந்திருந்தது. அதற்கு முன்னால் முக்காலி போட்டு, லென்ஸும் நோட்டுமாக அண்ணி உட்கார்ந்திருந்தார். எனக்கு முதுகைக் காட்டியபடி. காலடிச் சத்தத்திலேயே நான்தான் என்று தெரிந்துகொண்டார்.

"பாப்பாவா? வா வா. இப்ப ஒரு வேடிக்கை நடக்கும்னு நெனைக்கிறேன், வந்து பாரு."

அவர் தோளுக்கு மேலாகப் பூவைப் பார்த்தேன். ஆறு இதழ். முழுச் சக்கரம்.

"முதல்ல டீ வாங்கிட்டு வரேன் அண்ணி" என்றேன்.

"சக்கரை ஒண்ணரை. ஏழு மணிக்கு மருந்து போடறாங்க, சீக்கிரம் வா."

வெளியே வந்து என் வில்லையை எடுத்துக்கொண்டேன். ஆறு ஆணியில் ஒன்றில் மட்டும் வில்லை மிச்சம், அண்ணியுடையது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். ஐந்து வருடமாகச் செய்வதுதான், ஒன்றை எடுத்தேன். தாழ்ப்பாளைத் தொடவில்லை, மோட்டாரைத் தொடவில்லை. குழாய்க்காரர் ஆறே முக்காலுக்கு வந்தார், மருந்து நாளில் அவர் எப்போதும் அவசரக்காரர். ஆணிகளைப் பார்த்தார், காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், தாழ்ப்பாள் போட்டார். மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. எதிரே கேன்டீன் பெஞ்சில் நான் இரண்டு டீயோடு உட்கார்ந்திருந்தேன். என்னுடையதைக் குடித்தேன். ஒண்ணரைச் சக்கரை போட்டது ஆறிக்கொண்டிருந்தது. கொட்ட மனம் வராமல் அதையும் குடித்துவிட்டேன்.

குழாய்க்காரரை நீங்கள் காவலில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். விட்டுவிடுங்கள், அவர் மேல் தப்பே இல்லை. செடிக்கு யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். வில்லை இதோ என் பையில் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். செம்பொட்டு மட்டும் லேசாக உரிந்திருக்கிறது, தொட்டுவிட்டால் சரியாகிவிடும்.

இப்போது என் அவசரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். நாளை விடியற்காலை நாற்பது ஐம்பது மொட்டாவது விரியும். உங்கள் ஆட்கள் எந்த நேரத்திலும் சீலை உடைத்து உள்ளே போகலாம், போட்டோ எடுக்கலாம். எல்லாவற்றிலும் ஆறு இருக்கும். இத்தனையும் செய்தது வீணாகிவிடும். பத்து நாள், தினம் ஒரு மணி நேரம் கேட்கிறேன். அதற்குப் பிறகு என்னை எங்கே வைத்தாலும் சம்மதம்.

என்ன இது? அண்ணியின் நோட்டா? ஆமாம், "எண்ணி" என்று அவர் கையெழுத்துதான். அவர் மடியில் இருந்ததா. கடைசிப் பக்கமா. வாய்விட்டே படிக்கிறேன்.

"5.40. விரிந்துவிட்டது. ஆறு.

6.10. பாப்பா வந்தாள். டீ வாங்கப் போயிருக்கிறாள்.

6.25. வெளிப்புறத்து ஒன்று தானாகவே உதிர்ந்தது. யாரும் தொடவில்லை. லென்ஸில் அடியைப் பார்த்தேன். அது அல்லி இதழே இல்லை, புல்லி. மொட்டை மூடியிருந்த வெளித்தோல், இதழ் மாதிரியே நிறம் போட்டுக்கொண்டு ஏமாற்றியிருக்கிறது. விரிந்து முக்கால் மணி நேரத்தில் விழுந்துவிடுகிறது. நான் பள்ளத்தாக்கில் விடியும் முன்னே பறித்ததால் ஆறு என்று எழுதிவிட்டேன். உண்மையான இதழ் ஐந்துதான். படம் சரி, என் எழுத்துதான் தப்பு. இன்றே திருத்தம் அனுப்ப வேண்டும்.

6.30. பாப்பாவை இன்னும் காணோம். அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். குதிப்பாள்."

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா.

அப்படியென்றால் பத்து மணிக்கு வருகிறவர்கள் எப்படியும் ஐந்தைத்தான் பார்த்திருப்பார்கள். நான் போகாமல் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும். அதை விடுங்கள், சார். முக்கியமான விஷயம் அதுவல்ல. படம் சரி என்று அவரே கைப்பட எழுதியிருக்கிறார். நான் எண்ணக்கூட இல்லை, பார்த்த மாத்திரத்தில் வரைந்தேன், ஒரு கோடுகூடத் தப்பில்லை. எழுந்து நிற்கட்டுமா, உட்கார முடியவில்லை, உள்ளங்கால் கூசுகிறது. அந்த அனுமதி இனிமேல் வேண்டாம், சீல் அப்படியே இருக்கட்டும். காலண்டரை மட்டும் நேராக்கிவிட்டுப் போகிறேன்.

இதை முதலில் அண்ணியிடம்தான் சொல்ல வேண்டும்.